சந்தனப் பொட்டு வச்ச காத்தாடி

கம்ப்யூட்டர் காத்தாடி மாத்துறதைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டீக. அதுல சொல்றதுக்கு என்னப்பா இருக்கு? நாலு ஸ்குரூ, ஒரு வயரு. அதைத்தான் செல்போன்ல ஊருப்பட்ட பேரு படம் புடிச்சுப் போட்டிருக்கானே, என்னைவிட நல்லா வெளக்குறான், பின்னால பாட்டு வேற. நீங்க இப்ப மாட்டுற காத்தாடியெல்லாம் பச்சை, செவப்புன்னு மின்னிக்கிட்டு, பொருட்காட்சி ராட்டினம் மாதிரி இருக்கு. பெட்டிக்குள்ள கெடக்குற காத்தாடிக்கு எதுக்குப்பா ஜிகினா? சரி விடுங்க, கெழட்டுப்பய பொலம்புறான்னு சொல்வீக.

நான் சொல்லப்போறது வேற. பாளையம்பட்டிக் கடையை உங்க கையில ஒப்படைக்கிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு காத்தாடி மாத்துனேன். இத்தனை வருஷத்துல எத்தனையோ மாத்தியிருக்கேன், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. அது மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

நம்ம தொழிலு தனியாள் தொழிலு. கொத்தனாருக்குச் சித்தாள் உண்டு, லாரிக்காரனுக்குக் கிளீனர் உண்டு. நமக்கு யாரு? ஒரு வீட்டுக்குப் போனா, "அந்தா, அந்த மூலையில இருக்கு"ன்னு கையைக் காட்டிட்டு அவுக டிவி பார்க்கப் போயிருவாக. நாம செவுத்தைப் பார்த்து உக்காந்து, பெட்டியைத் தொறந்து, குனிஞ்ச தலை நிமிராம சோலியை முடிச்சுட்டு வருவோம். நம்ம மூஞ்சியை ஞாபகம் வச்சிருக்கிறவுக கெடையாது, முதுகைத்தான் பார்த்திருப்பாக. டவுனு பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தாக்கூட அடையாளம் தெரியாது. மொதல்ல வருத்தமா இருக்கும். பெறகு பழகிரும்.

ஆனா ஒண்ணு, பெட்டியைத் தொறந்தா அந்த வீடு தெரிஞ்சுபோகும். தறி ஓடுற தெருன்னா, காத்தாடிக்கு அடியில சூட்டை இழுக்குற கூலர் மேல பஞ்சு மெத்தையே விரிச்சிருக்கும். மிளகாய்க் கமிஷன் கடைன்னா மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே தும்மல் வந்துரும். மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம்னா கரிசப் புழுதி, சலிச்ச மாவு மாதிரி அப்பிக் கெடக்கும். கையை எத்தனை தரம் கழுவினாலும் நகக்கண்ணுல நிக்கும்.

அதுக்கு மேல இருக்கு ஆயுத பூஜை. ஸ்கிரீன்ல ஒரு பொட்டு வச்சாப் போதாதா? நம்ம ஆளுக பக்தி சாஸ்தி. சூடு தாங்காதுன்னு மூடியைக் கழட்டிப் போட்டிருப்பாக. உள்ள காத்தாடி சுத்துறதைப் பார்த்ததும் இதுதான் மெயின் மிஷினுன்னு நெனச்சு, அது மண்டையிலயும் றெக்கையிலயும் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை வச்சு, சாம்பிராணியும் காட்டிருவாக. சந்தனம் காஞ்சா ஒரு பக்கம் கனம் கூடிப்போகும், காத்தாடி தள்ளாடும், டொக்கு டொக்குன்னு அடிக்கும். "போச்சா மெக்கானிக்கு, புதுசு வாங்கணுமா?"ன்னு பதறிக்கிட்டு வருவாக. நகத்தால சொரண்டி எறிஞ்சா முடிஞ்சது சோலி. ஆயுத பூஜைக்கு மறுவாரம் நம்ம கடையில ஏன் கூட்டம்னு உங்களுக்கே தெரியும்.

நான் தொழில் கத்துக்கிட்ட விருதுநகர்க் கடைக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. எதைக் கழட்டினாலும், கருகிப்போன சின்னச் சாமானா இருந்தாலும், காகிதத்துல மடிச்சு வீட்டுக்காரவுக கையில குடுத்துருவாரு. "இதை வச்சு நான் என்ன செய்ய?"ன்னு அவுக சிரிப்பாக. "குப்பையில போடுங்க. ஆனா நீங்க போடுங்க, நான் போடப்படாது"ம்பாரு. வெட்டி வேலைன்னு நான் நெனப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு.

இப்ப விஷயத்துக்கு வாரேன்.

ஒரு நாள் காலையில கடையைத் தொறந்து தண்ணி தெளிச்சுக்கிட்டிருக்கேன், ஒரு பெரியவர் வந்து நின்னாக. திருச்சுழி ரோட்டுல உள்ள தள்ளி ஒரு கிராமம், அங்க சொந்தக் காடு வச்சு உளுந்தும் கம்பும் போடுற சம்சாரி. வெளுத்த வேட்டி கட்டியிருந்தாக, ஆனா சவரம் பண்ணி நாளாச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உக்காரலை.

"சத்தம் மாறிப்போச்சு மெக்கானிக்கு"ன்னாக.

"எது அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டரு. முன்னாடி டொக்கு, டொக்குன்னு சீரா இருக்கும். இப்ப நடுவுல இழுக்குது. டொக்கு… கிரீச்சு… டொக்கு."

வாயாலயே அடிச்சுக் காட்டினாக. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா மனுசன் கேட்டது அச்சு அசல். காத்தாடி உள்ள பேரிங் காஞ்சு, தேஞ்சு, இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்குதுன்னு அந்தக் கிரீச்சுலயே தெரிஞ்சுபோச்சு. "காத்தாடி சாகப்போகுது அண்ணாச்சி"ன்னேன். நாம பேசுற பேச்சுதானே அது. அவுக மொகம் சுண்டிப்போச்சு. ஒரு காத்தாடிக்கு எதுக்கு இம்புட்டுன்னு எனக்குப் புரியலை.

"பெட்டியைக் கையோட கொண்டுவந்திருக்கலாமே?"

"அதை எடத்தை விட்டு எடுக்க முடியாது."

"அதுல வேலை பார்க்கிறது யாரு?"

"வீட்டுல."

நம்ம பக்கம் பொண்டாட்டி பேரைச் சொல்ற வழக்கம் ஏது? "வீட்டுல சொல்லிட்டு வாரேன்", "வீட்டுல கோவமா இருக்காக", எல்லாத்துக்கும் வீட்டுலதான். சரி, அந்தம்மாவுக்கு வேலை நின்னுபோய்க் கெடக்கு போலன்னு நெனச்சு, புதுக் காத்தாடி ஒண்ணைப் பையில போட்டேன், அவுகளை வண்டியில பின்னால ஏத்திக்கிட்டேன். வழி நெடுகக் கருவேல முள்ளும் வெயிலும். நான் மழையைப் பத்திக் கேட்டேன், வெளைச்சலைப் பத்திக் கேட்டேன். அவுக "ம்"முன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வந்தாக.

வீடு நல்ல பெரிய வீடு. உள்ள ஈ காக்கா இல்ல. அவுகளே செம்புல தண்ணி மோந்து குடுத்தாக. ஓரமா ஒரு சின்ன ரூம்பு, அதுல மேசை, மேசைக்கு முன்னால பிளாஸ்டிக் சேரு. ஸ்கிரீன் மேல துணி போட்டு மூடியிருந்துச்சு, பிரிண்டர் மேலயும் துணி. அவுக குனிஞ்சு பெட்டியோட சுவிட்சை மட்டும் போட்டாக. துணியை எடுக்கலை. டொக்கு, டொக்கு, கிரீச்சு.

"வீட்டுல வெளிய போயிருக்காகளா அண்ணாச்சி? பாஸ்வேர்டு கேக்க வேண்டியிருக்குமே."

"நீங்க பாருங்க"ன்னாக.

கரண்டை அமத்திட்டு, மூடியில்லாத பெட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கம்பெனிக் காத்தாடிதான், பெட்டியோட வந்தது. நடு மண்டையோட ஒரு ஓரத்துல சந்தனம். ஒரு வருஷத்துச் சந்தனம் இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா அப்பி, சுண்டைக்காய் பருமனுக்குக் கட்டியா நிக்குது. மேல வச்ச குங்குமம் கறுத்துப்போயிருக்கு. அட, இதுதானா இம்புட்டு அலப்பறையும்னு, எப்பவும் போல நகத்தைக் கொண்டுபோனேன்.

"கை வைக்காதீக!"

வீடே அதிருற சத்தம். என் மணிக்கட்டைப் புடிச்சுட்டாக. மம்பட்டி புடிச்ச கை, விண்ணுன்னு வலிச்சுச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "வேலை பார்க்கவா, வேணாமா?"ன்னு பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கப் போனேன். அப்பத்தான் அவுக மொகத்தை நேராப் பார்த்தேன். எந்திரிக்கலை.

"வீட்டுல வச்ச பொட்டு"ன்னாக மெதுவா. "ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவதான் வப்பா. பழசைத் தொடைக்க மாட்டா, அது மேலயே வப்பா. தை மாசம் போயிட்டா."

காலையில "வேலை பார்க்கிறது வீட்டுல"ன்னு சொன்னாகளே, அதுல செத்துப்போனவுகன்னு எங்க இருந்துச்சு? மனுசன் இன்னும் அந்தப் பேச்சை மாத்திக்கலை. டார்ச்சைக் கிட்டக்கக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேல் பொட்டுல மோதிர விரலை அமுக்குன குழி அப்படியே இருக்கு.

பெறகு அவுகளாப் பேச ஆரம்பிச்சாக. புள்ளைகுட்டி இல்ல. அந்தம்மாதான் ஊருக்கே கம்ப்யூட்டர்ல மனுப் போட்டுக் குடுத்தவுக. சாதிச் சான்றிதழு, முதியோர் பென்ஷன், பயிர்க் காப்பீடு, எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துதான்.

"மத்தியானம் காட்டுல இருந்து வாரப்ப, வாசல்ல கால் வைக்கயிலேயே டொக்கு டொக்குன்னு கேக்கும். கேட்டா அவ உள்ள இருக்கா. கேக்கலேன்னா பக்கத்து வீட்டுல பேச்சு. இந்தச் சத்தம் ஏன்டி, யாரையாச்சும் கூட்டியாந்து காட்டலாம்லன்னு நானே வைவேன். இப்ப நான் வந்து சுவிட்சைப் போட்டுட்டு, அந்தால அடுப்படியில உக்காந்து சாப்பிடுறேன். வேற எதுவும் அதுல எனக்குத் தெரியாது."

தம்பிகளா, இப்ப நீங்க என்ன செய்வீக? சந்தனத்தைச் சொரண்டுனா சத்தம் போயிரும், அந்தம்மா விரலும் போயிரும். அப்படியே விட்டா காத்தாடி நின்னு, பிராசசரு கொதிச்சு, பெட்டி தானா அமந்துபோகும், பெறகு அந்தச் சத்தமும் கிடையாது. அந்தம்மா ஊருக்குப் பார்த்த வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. மாத்தித்தான் ஆகணும்னு முடிவு பண்ணினேன். பழசை அலுங்காமக் கழட்டி அவுக கையில குடுத்துருவோம், பொட்டும் பத்திரமா இருக்கும்னு என் கணக்கு.

கூலரை நான் தொடலை. அந்த மாதிரிப் பெட்டியில, நடுவுல தடவின பேஸ்ட் காஞ்சுபோன கூலரை வேகமா இழுத்தா பிராசசரும் கூடவே புடுங்கிக்கிட்டு வந்துரும், அப்புறம் குய்யோ முறையோதான். காத்தாடியை மட்டும் சட்டத்தைப் புடிச்சுத் தூக்கினேன். றெக்கையில விரல் படலை. கூலர் இடுக்குல இருந்த புழுதியைப் பிரஷ்ஷால மெதுவா எடுத்தேன், புதுசை முடுக்கினேன், கரண்டைப் போட்டேன்.

அந்த ரூம்புல ஒரு சத்தமும் இல்ல. நல்ல காத்தாடி அது, அப்படித்தான் ஓடும். வேற வீடா இருந்தா "அடேயப்பா, ஓடுறதே தெரியலையே"ன்னு பாராட்டியிருப்பாக.

"ஓடலையே மெக்கானிக்கு."

"ஓடுது அண்ணாச்சி. கையை வச்சுப் பாருங்க."

குனிஞ்சு உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாக. ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்தாக.

"காத்து வருது"ன்னாக. "ஆளு இல்லியே."

பழைய காத்தாடியைக் காகிதத்துல வச்சு நீட்டினேன். கோயில்ல துன்னூறு வாங்குற மாதிரி ரெண்டு கையையும் சேர்த்து வாங்கினாக. அதையே பார்த்துக்கிட்டு நின்னாக. அது ஓடாது, சத்தம் போடாது, இவுக கையில சும்மா கெடக்கு. நான் பையைச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பலாம், எனக்கு இட்ட வேலை முடிஞ்சுது. முடியலைப்பா, கால் வரலை.

அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. பெட்டிக்கு வேண்டியது காத்து, இவுகளுக்கு வேண்டியது சத்தம். ரெண்டும் ஒரே காத்தாடியில இருக்கணும்னு யாரு சொன்னா? பையில எப்பவும் ரெண்டு மூணு பழைய அடாப்டர் கெடக்கும். பன்னெண்டு வோல்ட்டை எடுத்து, நுனியை வெட்டி, காத்தாடியோட கறுப்பு வயருக்கும் மஞ்ச வயருக்கும் முறுக்கி, டேப்பைச் சுத்தினேன். மத்த ரெண்டு வயரு வேகம் பார்க்கிறது, அதை விட்டுட்டேன். மேசையில மடிச்ச துண்டைப் போட்டு, அது மேல காத்தாடியை நிமித்தி வச்சு, சுவிட்சைப் போட்டேன்.

டொடொடொடொடொன்னு பிச்சுக்கிட்டு ஓடுச்சு. நான் ஜெயிச்ச மாதிரி அவுக மூஞ்சியைப் பார்த்தேன்.

"இது அவ இல்ல"ன்னாக. "இது அவசரப்படுது."

ஏன்னு எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள இருந்தப்ப போர்டு அதை அடக்கி ஓட்டும். இங்க அவுத்துவிட்ட கன்னுக்குட்டியாட்டம் முழு வேகத்துல போகுது. பையைக் கீழ கொட்டித் தேடினேன். மோடத்துக்கு வர்ற ஒம்போது வோல்ட்டு ஒண்ணு ஆப்பிட்டுச்சு. அதை மாத்தி முறுக்கினேன். றெக்கை தயங்கித் தயங்கிச் சுத்திச்சு, வேகம் புடிச்சுச்சு, பெறகு டொக்கு… டொக்கு… டொக்குன்னு நெலையா நின்னுச்சு.

அவுக பிளாஸ்டிக் சேர்ல உக்காரலை. அதுக்குப் பக்கத்துல, தரையில, செவுத்துல சாஞ்சு உக்காந்தாக. கண்ணை மூடிக்கிட்டு, "ம்"முன்னாக. அம்புட்டுத்தான். வயரைச் சரிபண்ற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இதோட வந்திருக்கலாம். ஆனா நடுவுல அந்தக் கிரீச்சு கேட்டுச்சு. அவுகளுக்கும் கேட்டுருச்சு.

"எம்புட்டு நாளைக்கு ஓடும்?"ன்னு கண்ணைத் தொறக்காமக் கேட்டாக.

கஸ்டமர்கிட்ட நாம சொல்ற பொய்யெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துச்சு. அதெல்லாம் நல்லா ஓடும் அண்ணாச்சி, கவலைப்படாதீக. சொல்லியிருந்தா அவுகளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. வாய் வரலை. இந்த மனுசனை ஏமாத்தக் கூடாதுன்னு தோணுச்சு.

"பேரிங் வறண்டுபோச்சு அண்ணாச்சி. ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டா ரொம்ப நாள் ஓடும். ஆனா எண்ணெய் விட்டா, சந்தனக் கனத்துக்கு ஆடுற இடுக்கு நெறைஞ்சு ஆட்டம் அடங்கிரும், இந்தச் சத்தம் இருக்காது. எண்ணெய் விடலேன்னா சத்தம் இப்படியே இருக்கும். ஆனா கொஞ்ச நாள்ல நின்னுரும். எப்பன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

எண்ணெய்க் குப்பியை வெளிய எடுத்து மேசையில வச்சேன். அவுக அந்தக் குப்பியைப் பார்த்தாக, காத்தாடியைப் பார்த்தாக.

"நீங்களா இருந்தா என்ன செய்வீக மெக்கானிக்கு?"

என்னத்தைச் சொல்ல? என் வீட்டுலன்னு சொன்னா, அவ மக வீட்டுல இருக்கா, கோயம்புத்தூர்ல. பேரனைப் பார்த்துக்கப் போனவ, பொங்கலுக்கு வாரா, திருவிழாவுக்கு வாரா. வீட்டுல நான் ஒத்தை ஆளுதான், ஆனா அவ உசுரோட இருக்கா. என் வாயால இதுக்குப் பதில் சொன்னா அது திமிரு. "தெரியலை அண்ணாச்சி"ன்னுதான் சொன்னேன்.

அவுக எந்திரிச்சு வந்து குப்பியை எடுத்து என் பையில போட்டாக. "வேணாம்"னாக. "ஊமையா ஓடி என்ன செய்ய? நாளெல்லாம் ஓட விட மாட்டேன். சாப்பிடுற நேரம் மட்டும் போடுறேன். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

அப்புறம் அவுகளே சுவிட்சை அமத்தினாக. றெக்கை மெதுவா நிக்குற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தாக. "ஒரு வா சாப்பிட்டுப் போங்க"ன்னாக. சோறும் பருப்புத் துவையலும். தட்டு வச்சதும் போய் மறுபடியும் சுவிட்சைப் போட்டுட்டு வந்தாக. டொக்கு டொக்குன்னு உள்ள கேக்குது, நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டோம். துவையல்ல உப்பு ஏறிப்போச்சு. நான் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னொரு ஆளோட உக்காந்து சாப்பிட்டு எனக்கும் நாளாகியிருந்துச்சு.

தம்பிகளா, காத்தாடியில சந்தனத்தைப் பார்த்தா நகத்தை நீட்டாதீக. யாரு வச்சதுன்னு கேளுங்க. வேலை பார்க்கிறது யாருன்னு கேக்கயில, "வீட்டுல"ன்னு பதில் வந்தா, இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்க. கழட்டின சாமானைக் கையில குடுத்துட்டு வாங்க. எனக்கு இம்புட்டுத்தான் தெரியும், இதைக் கத்துக்கிற படத்தை எவனும் போட்டிருக்க மாட்டான்.

கெளம்பும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கினாக, அவுக நம்பரையும் குடுத்தாக. "நின்னுபோச்சுன்னா கூப்பிடுறேன்"னாக. அதை வச்சு என்ன செய்ய முடியும்னு நான் கேக்கலை. அவுகளும் சொல்லலை. யாருகிட்டயாச்சும் சொல்லணும்லப்பா.

இப்பக் கடையும் இல்ல. என்னை யாரு கூப்பிடுறா? கோயம்புத்தூர்ல இருந்து அவ கூப்பிடுவா, பேரனைப் பத்திச் சொல்லிட்டு அவன் அழுறான்னு வச்சிருவா. மத்தபடி லோனு வேணுமான்னு கேக்குற பொண்ணுக. ஆனாலும் போன் அடிச்சா ஓடிப்போய் எடுக்குறேன். அந்த மனுசன்கிட்ட இருந்து போன் வந்திரக் கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டேதான் நம்பரைப் பார்க்குறேன். அவுக நம்பரு இல்லேன்னதும் ஒரு நிம்மதி வருது. அதுக்குப் பின்னாடியே, அவுகளும் கூப்பிடலியேன்னு வந்துருது.